விரல்களும் விரலிடுக்குகளும்

வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய மேரிலாந்து புறநகர்களுக்காக 1964இல் ஒரு வளர்ச்சித் திட்டம் ஏற்கப்பட்டது. ஆப்புகளும் வழித்தடங்களும் என்பது அதன் பெயர். நகரத்தை உள்ளங்கையாக வைத்துக்கொண்டால் அதிலிருந்து வெளியே நீளும் போக்குவரத்துத் தடங்கள் விரல்கள். வீடும் அலுவலகமும் கடைவீதியும் அந்த விரல்களின் மேல் நெருக்கமாக வளர வேண்டும். விரலிடுக்குகளில் பண்ணையும் காடும் ஓடையும் அப்படியே கிடக்க வேண்டும். கோபன்ஹேகன் நகரத்துக்கு 1947இல் இதே எண்ணத்தில் வரைந்த திட்டத்தை விரல் திட்டம் என்றே அழைத்தார்கள். இன்று அந்தப் புறநகர்ப் பகுதியில் உள்ள மான்ட்கோமரி கவுன்டியின் வரைபடத்தை 1964இன் வரைபடத்தோடு ஒப்பிட்டால் எதிர்பாராத ஒன்று தெரிகிறது. பெருநகரம் ஒன்றின் வாசலில், மனை வியாபாரத்தின் வாய்க்கு நேரே கிடந்த விரலிடுக்கு பெரும்பகுதி தப்பிவிட்டது. நெடுஞ்சாலை, மத்திய அரசு அலுவலகங்கள், பெருநிறுவனங்கள் என்று எல்லாம் கூடிவந்த விரல்தான் திட்டமிட்டபடி அமையவில்லை. இதற்குத் திட்டம் போட்டவர்களின் திறமையையோ திறமையின்மையையோ காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. வரைபடத்தில் கோடு கிழிக்கும் அதிகாரம் ஒன்று. அந்தக் கோட்டைத் தாங்கிப்பிடிக்கப் பணத்தையோ உரிமையையோ குழாயையோ கையில் வைத்திருக்கும் அதிகாரம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் புறநகர்த் திட்டக்குழு வென்றது, முதலாவது மட்டும் இருந்த இடத்தில் தோற்றது என்பதே இந்த வரலாறு காட்டுவது.

தனியார் மனையில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று அரசு சொல்வது அமெரிக்காவில் அவ்வளவு பழைய வழக்கம் அல்ல. நியூயார்க் நகரம் முழுமைக்குமான மண்டலச் சட்டம் 1916இல்தான் வந்தது. கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற ஊர் தன் நிலங்களை இப்படி வகைபிரித்தபோது, 68 ஏக்கர் வைத்திருந்த நில நிறுவனம் ஒன்று தன் சொத்தின் மதிப்புப் போயிற்று என்று வழக்காடியது. 1926 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டதையும் மறக்கக்கூடாது. நில மண்டலம் என்னும் கருவி யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வியோடுதான் பிறந்தது. அடுத்த ஆண்டே மேரிலாந்து சட்டமன்றம் மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் என்ற இரு கவுன்டிகளின் நகர் ஒட்டிய பகுதிகளுக்குப் பொதுவான ஒரு திட்டக்குழுவை ஏற்படுத்தியது. அதன் பெயரில் பூங்கா என்ற சொல் திட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் வருகிறது. 1930இல் நாடாளுமன்றம் இயற்றிய கேப்பர்–கிராம்டன் சட்டம், ஒரு பங்கு மானியம், மீதி திருப்பித் தர வேண்டிய முன்பணம் என்ற ஏற்பாட்டில் ஓடைக்கரைகளை வாங்கக் குழுவுக்கு வழி செய்தது. ராக் கிரீக், ஸ்லைகோ கிரீக் ஓடைகளின் கரைகள் இப்படித்தான் பொதுச் சொத்தாயின. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவை பூங்காக்களாகவே இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய இடத்தில் கோட்டை யாரும் அழிக்கவில்லை.

வாங்காத இடத்தில் நடந்தது வேறு. மான்ட்கோமரியின் மக்கள்தொகை 1950இல் 1,64,000. பத்தே ஆண்டில் அது 3,40,000ஐத் தாண்டியது. அதே பத்தாண்டில் வாஷிங்டனிலிருந்து வடமேற்கே ஃபிரெடரிக் நகர் நோக்கி ஒரு விரைவுச்சாலை போடப்பட்டது. எண்கள் சில முறை மாறி, 1975இலிருந்து அதற்கு ஐ–270 என்று பெயர். 41,000 மைல் நீளத்துக்கு நாடெங்கும் சாலை போடும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசின் கணக்கில் வைத்தது. சாலையை எங்கே, எத்தனை தடங்களில் போடுவது என்ற முடிவு மாநிலச் சாலைத் துறையிடமும் மத்திய நிதியிடமும் இருந்தது. சாலையோரத்தில் என்ன முளைக்கலாம் என்ற கேள்வி மட்டும் கவுன்டிக்கு வந்தது. பனிப்போர் இதை வேகப்படுத்தியது. தலைநகரின் மீது அணுகுண்டு விழுந்தாலும் செயல்படும் தொலைவில் இருக்க வேண்டும் என்று அணுசக்தி ஆணையத்தின் தலைமையகத்தை 1950களின் பிற்பகுதியில் ஜெர்மன்டவுனுக்குக் கொண்டுபோனார்கள். தேசியத் தர நிர்ணய நிறுவனம் கெய்த்தர்ஸ்பர்க்கில் தன் புதிய வளாகத்தை 1966இல் திறந்தது. பால் பண்ணைகளின் நடுவே ஆயிரக்கணக்கான சம்பளக்காரர்கள் வந்திறங்கினார்கள். ஆக, 1964இன் திட்டம் ஏற்கப்பட்டபோதே அந்த விரல் பாதி முளைத்திருந்தது. முளைத்ததை ஒழுங்குபடுத்தி ஊர்களாக்குவதுதான் மீதி வேலை.

அந்த வேலையைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது முக்கியம். திட்டக்குழு வரையும், பரிந்துரைக்கும். மண்டலத்தை மாற்றுவது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்டி கவுன்சில். ஒரு மனைக்காரர் தன் நிலத்தை மட்டும் வேறு மண்டலத்துக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 1962இல் பதவிக்கு வந்த கவுன்சில் அத்தகைய விண்ணப்பங்களுக்குத் தாராளமாகத் தலையசைத்தது. 1966 தேர்தலில் தோற்று வெளியேறுவதற்கு முன் கடைசி வாரங்களில்கூட மண்டல மாற்றங்களை அது நிறைவேற்றியது. திட்டம் ஏற்கப்பட்ட மை உலர்வதற்குள் திட்டத்தை மனை மனையாகத் தின்னலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உண்மையில் வளர்ச்சியை முதலில் நிறுத்தியது மண்டலக் கோடு அல்ல, சாக்கடை. இருக்கும் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் தாங்காமல் போகவே, 1970களின் தொடக்கத்தில் புதிய இணைப்புகளுக்குத் தடை விழுந்தது. எந்த மண்டலத்தில் இருந்தாலும் இணைப்பு இல்லாமல் வீடு கட்ட முடியாது. அந்தப் பாடத்திலிருந்து 1973இல் ஒரு சட்டம் வந்தது: சாலை, பள்ளிக்கூடம், தண்ணீர், கழிவுநீர் ஆகியவை போதும் என்று உறுதியாகாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரக்கூடாது.

விரலிடுக்கின் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. 1970களின் நடுவில் கவுன்டி தன் உழவு நிலத்தைக் காக்க எண்ணி, ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி போட்டது. பார்வைக்குக் கண்டிப்பான விதி. ஆனால் ஐந்து ஏக்கர் என்பது வசதியுள்ளவர் வீடு கட்டிக் குதிரை வளர்க்கப் போதும். டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவருக்குப் போதாது. காக்க வந்த விதி நிலத்தைத் துண்டுபோடும் கருவியானது. 1980இல் வந்த மாற்றம் இந்த இடத்தில் ஆழமாக யோசித்தது. ராய்ஸ் ஹேன்சன் திட்டக்குழுவின் மான்ட்கோமரி வாரியத் தலைவராக இருந்த காலம் அது. கவுன்டியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, 93,000 ஏக்கரை, வேளாண் காப்பு நிலமாக அறிவித்தார்கள். இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். ஆனால் பழைய விதிப்படி ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்று இருந்த கட்டும் உரிமை பறிபோகவில்லை. நிலத்தை விட்டுப் பிரிந்து விற்கக்கூடிய சரக்காக மாறியது. நூறு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு இருபது உரிமைகள். தன் நிலத்தில் கட்டக்கூடிய நான்கு வீடுகளுக்கு நான்கை வைத்துக்கொண்டு பதினாறை விற்கலாம். வாங்கும் கட்டுமானக்காரர், வளர்ச்சிக்கென்று குறித்த வேறு பகுதியில் ஓர் உரிமைக்கு ஒரு வீடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். விற்ற நிலத்தின் பத்திரத்தில் நிரந்தரமான கட்டுப்பாடு பதிவாகிவிடும். அடுத்த கவுன்சில் மனம் மாறினாலும் அது மாறாது. அரசு தன் கஜானாவிலிருந்து நிலத்தை வாங்காமலே, சந்தையை வைத்து உழவருக்கு ஈடு கொடுத்த ஏற்பாடு இது.

இதை உழவர்கள் கைதட்டி வரவேற்றார்கள் என்று எழுதினால் அது பொய். நிலந்தான் அவர்களின் வங்கி. வீட்டுமனை விலை இருந்தால்தான் அதை அடகு வைத்துக் கடன் வாங்க முடியும். 25 ஏக்கர் விதி ஒரே நாளில் அந்த அடமானத்தின் மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சினார்கள், அஞ்சியது நியாயம். விற்கும் உரிமைக்கு விலை கிடைக்க வேண்டுமானால் வாங்கும் இடம் வேண்டும். வாங்கும் இடத்தில் குடியிருப்பவர்களோ தங்கள் தெருவில் கூடுதல் வீடு வேண்டாம் என்றார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 1987இல் மேரிலாந்து மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், கூடுதல் அடர்த்தியைத் திட்டக்குழுவின் முதன்மைத் திட்டத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது, அது மண்டலச் சட்டத்தின் வழியே கவுன்சில் செய்ய வேண்டிய வேலை என்றது. ஏற்பாடு தடுமாறியது, கவுன்சில் சட்டத்தைத் திருத்தி அதை மீண்டும் நிமிர்த்தியது. உரிமை விற்பனையால் மட்டும் பிற்பாடு 50,000 ஏக்கருக்கும் மேல் காக்கப்பட்டது. நில உரிமையாளரின் இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால்தான் நீதிமன்றத்திலும் தேர்தல்களிலும் அடிபட்ட பிறகும் அந்தக் கோடு எழுந்து நின்றது.

இப்போது விரலைப் பார்ப்போம். கெய்த்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் என்ற வழித்தட நகரங்கள் ஒவ்வொன்றும் நடுவில் செறிவான மையமும், அதைத் தொடும் ரயிலும், வேலையும் வீடும் கலந்த தெருக்களும் கொண்ட ஊர்களாக வேண்டும் என்பது எண்ணம். மெட்ரோ ரயில் 1984இல் ஷேடி குரோவ் வரை வந்து நின்றது. அதற்கு மேல் போகவே இல்லை. பழைய ரயில் பாதையில் அலுவலக நேரத்தில் ஓடும் சில வண்டிகளை வைத்து ஓர் ஊரை மையப்படுத்த முடியாது. ரயில் வராத இடத்தில் சாலை வந்தது: 1990களின் தொடக்கத்துக்குள் ஐ–270 சில பகுதிகளில் பன்னிரண்டு தடங்களாக விரிந்தது, பத்தாண்டு முடிவதற்குள் மறுபடி நெரிந்தது. சாலை விரிந்ததும் அதை நம்பி வீடுகள் வெளியே நகர்ந்தன, வீடுகள் நகர்ந்ததும் சாலை நிறைந்தது. விரலின் முக்கிய முடிச்சுகளான ராக்வில்லும் கெய்த்தர்ஸ்பர்க்கும் தமக்கென்று மண்டல அதிகாரம் உள்ள நகராட்சிகள் என்பதால், அங்கே திட்டக்குழுவின் சொல் ஆலோசனையாக மட்டுமே நின்றது. அதிகாரம் இருந்த கிளார்க்ஸ்பர்க்கிலோ கண்காணிப்பு இல்லை. ஒப்புதல் பெற்ற உயர வரம்பையும் தெருவிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் மீறி நூற்றுக்கணக்கான வீடுகள் எழுந்திருந்தன. 2005இல் அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவர்கள் அங்கே குடிவந்த மக்கள்தான்.

வழித்தடம் வளர வேண்டும் என்பதுதானே திட்டம், வளர்ந்துவிட்டதே, இதில் என்ன தோல்வி என்று ஒருவர் கேட்கலாம். வளர்ச்சியின் அளவில் தோல்வி இல்லை என்பதை ஏற்கிறேன். 2020இல் கவுன்டியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆய்வகங்களும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் அந்தச் சாலையைத் தேடி வந்தன. ஆனால் பாலுக்கும் பள்ளிக்கும் காரை எடுத்தாக வேண்டிய குடியிருப்புகளின் தொடர்ச்சியை 1964இல் யாரும் வரையவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. காப்பு நிலம் என்ற வேலியைப் போட்டுவிட்டு, வீடு தேடியவர்களை அதற்கு அப்பால் துரத்திவிட்டார்கள். பணக்காரக் கவுன்டி பச்சைக் காட்சியை வைத்துக்கொண்டு நெரிசலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது என்பது அந்த மறுப்பு. அதே சாலையின் மறுமுனையில் உள்ள ஃபிரெடரிக் கவுன்டியின் மக்கள்தொகை 1980இல் சுமார் 1,15,000, 2020இல் சுமார் 2,72,000 என்பதைப் பார்க்கும்போது இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பழியைக் காப்பு நிலத்தின் மேல் போடுவது தவறு. 1980இன் ஏற்பாடு வீடுகளை அழிக்கவில்லை, இடம் மாற்றியது. மாற்றிய இடத்தில் அவற்றை ஏற்க மறுத்த தனிவீட்டுத் தெருக்கள்தான் மக்களைத் துரத்தின. யூக்ளிட் தீர்ப்பில் இருந்த அடுக்குமாடி வெறுப்பு அந்தத் தெருக்களில் உயிரோடு இருந்தது. ஆனால் மான்ட்கோமரி கவுன்டியே 1970களின் நடுவில் ஐம்பது வீடுகளுக்கு மேல் கட்டுபவர் அவற்றில் 15 விழுக்காட்டைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில் தர வேண்டும் என்று சட்டம் போட்டு, அதற்கு ஈடாகக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தது. நாட்டுக்கே முன்னோடியான சட்டம் அது. உழவருக்குச் செய்த அதே கணக்குத்தான் இங்கும்: கட்டளையோடு ஈடும் சேர்ந்து வந்தது, அதனால் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. விரல் முழுவதற்கும், குறிப்பாக ரயில் நிலையங்களைச் சுற்றி, இதே துணிச்சலைக் காட்டியிருந்தால் ஃபிரெடரிக்குக்குப் போனவர்களில் பலர் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போக்குவரத்தில் அந்த ஈடு இன்றுவரை வரவில்லை. ஷேடி குரோவிலிருந்து ஜெர்மன்டவுன் வழியாகக் கிளார்க்ஸ்பர்க் வரை இலகு ரயிலோ தனித்தடப் பேருந்தோ விடுவதற்கான திட்டம் பல பத்தாண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது. 2012இல் மாநிலம் பேருந்தைத் தேர்ந்தெடுத்தது, கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. 2017இல் அறிவித்த ஐ–270இன் சுங்கத் தடங்களுக்குத் தனியார் முதலீட்டைத் தேடியது. 2023இல் முக்கியப் பங்குதாரர் விலகினார். இதற்கிடையே 2014இல் கவுன்சில் கிளார்க்ஸ்பர்க்கின் டென் மைல் கிரீக் ஓடைப் படுகையில் கட்டக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஓடையைக் காத்தது. தனித்தடப் போக்குவரத்துக்கென்று வரைபடங்களில் ஒதுக்கிய நிலப்பட்டை குடியிருப்புகளின் நடுவே நீள்கிறது. அதன் இருபுறமும் வீடுகள் வந்து, அங்கே பிறந்த குழந்தைகள் கார் ஓட்டும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.