ஒரே ஒரு குமிழ்

1950களின் ஃபெண்டர் சேம்ப் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் பின்பலகையைக் கழற்றினால், உள்ளே ஒட்டியிருக்கும் சிறு காகிதம் கண்ணில் படும். எந்தக் குழியில் எந்த வால்வைச் செருக வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அது. அதில் ரப்பர் முத்திரையாக இரண்டு எழுத்துகள் இருக்கும். முதலாவது ஆண்டு, அடுத்தது மாதம். 1951-ஐ 'ஏ' என்று வைத்து எண்ண வேண்டும். 'ஜி', 'இ' என்று இருந்தால் 1957 மே. பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் தேடுவது இந்தக் காகிதத்தைத்தான். அதற்கடுத்து, உலோகச் சட்டத்தின் உட்புறம் ஒட்டிய டேப் துண்டைத் தேடுவார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் அந்தப் பெட்டிக்குக் கம்பிகளைப் பற்றவைத்த பெண் தன் பெயரை அதில் எழுதி ஒட்டியிருப்பார்.

இன்று இவ்வளவு பக்தியோடு திறந்து பார்க்கப்படும் இந்தப் பெட்டி, கடைக்கு வந்த காலத்தில் ஃபெண்டர் வரிசையிலேயே மலிவான சரக்கு. மேடைக் கலைஞன் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். கிட்டார் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அப்பா வாங்கித் தரும் பொருள் அது.

அந்த வகுப்புகளும் நாம் நினைக்கும் கிட்டார் வகுப்புகள் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவை ஹவாய் இசை மோகம் ஆட்டிப் படைத்தது. கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் பாணி ஊர் ஊராகப் பரவியது. மின்சாரக் கிட்டாரே இந்த மடிக் கிட்டாராகத்தான் பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற கருவி அதற்குச் சாட்சி. மாணவனுக்குக் கிட்டாரோடு ஓர் ஆம்ப்பும் வேண்டும். இரண்டையும் ஜோடியாகக் கட்டி விற்பது நல்ல வியாபாரம்.

அந்த வியாபாரத்தைப் பிடித்தவர்களில் ஒருவர் லியோ ஃபெண்டர். படித்தது கணக்கு. மின்னணுவியலைத் தானே கற்றுக்கொண்டு, 1938-இல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டவர். உலகத்துக்கே கிட்டார் செய்து கொடுத்த இந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 1945-இல் மடிக் கிட்டாரும் ஆம்ப்பும் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தனி நிறுவனம். 1948-இல் 'சாம்பியன் 800', அதைத் தொடர்ந்து ஆறு அங்குல ஸ்பீக்கரோடு 'சாம்பியன் 600' வந்தன. பெயர் தேய்ந்து 'சேம்ப்' ஆனது. 1957-இல் வெளிவந்த வடிவத்துக்கு வரைபட எண் 5எஃப்1. ஐம்பதுகளைக் குறிக்க 5, எத்தனையாவது திருத்தம் என்பதைக் குறிக்க எஃப், மாடலைக் குறிக்க 1. கணக்கர் மூளை தெரிகிறது.

வீட்டில் மர்ஃபி ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்த தலைமுறைக்கு 5எஃப்1 புதிராக இருக்காது. வால்வு ரேடியோவின் கடைசிப் பாதியை வெட்டி எடுத்து மரப்பெட்டியில் வைத்தது மாதிரிதான் இருக்கும். மூன்றே வால்வுகள். ஒன்று, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கும் 5ஒய்3. ஒன்று, கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை இரண்டு கட்டமாகப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7. ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு வால்வுகள் அதில் அடங்கியிருக்கும். மூன்றாவது, எட்டு அங்குல ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6. இது 1930களில் ரேடியோவுக்காகவே வந்த வால்வு. பெட்டிக்கு மேல் ஒட்டியது பயணப் பெட்டிகளுக்குப் போடும் கோடு போட்ட பருத்தித் துணி. மொத்தத் திறன் சுமார் ஐந்து வாட்.

முகப்பில் ஒரே ஒரு குமிழ். அதுவே சுவிட்ச், அதுவே ஒலி அளவு. பேஸ் கிடையாது, ட்ரெபிள் கிடையாது. பத்தோடு நில்லாமல் பன்னிரண்டு வரை எண்கள் போட்டிருப்பார்கள். குமிழைப் பாதி வரை திருப்பினால் மணி அடித்தாற்போல் தெளிவு. அதைத் தாண்டும்போது ஒற்றை 6வி6 மூச்சுத் திணறும். அலையின் உச்சி மழுங்கி, ஓசை கரகரக்கத் தொடங்கும். மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. கிட்டாரில் உள்ள குமிழைக் கொஞ்சம் குறைத்தால் மறுபடி தெளிவு. ஆம்ப்பில் இல்லாத குமிழ்களின் வேலையை விரல் செய்கிறது.

இந்தக் கரகரப்பை லியோ விரும்பவில்லை. ரேடியோ பழுதுபார்த்தவருக்கு அது பழுது. அதைக் குறைக்கத்தான் ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஒயரைப் பின்னோக்கிக் கொண்டுபோய், நடுக்கட்டத்தில் ஒரு மின்தடை வழியாக இணைத்தார். வெளிவரும் ஓசையில் ஒரு பங்கு உள்ளே திரும்பி வந்து பிழையைத் தணிக்கும். இன்று 5எஃப்1 வரைபடத்தை வைத்துச் சொந்தமாக ஆம்ப் கட்டுகிறவர்களில் பலர் செய்யும் முதல் மாற்றம் என்ன தெரியுமா? அந்த ஒயரைத் துண்டிப்பது. அல்லது வேண்டும்போது துண்டிக்க ஒரு சுவிட்ச் வைப்பது. எந்தப் பிழையைத் தணிக்க லியோ மெனக்கெட்டாரோ, அந்தப் பிழைக்காகவே அவருடைய பெட்டியை வாங்குகிறார்கள்.

பிழை எப்போது ருசியானது? நாள் குறிப்பது கஷ்டம். ஆனால் சாட்சிகள் உண்டு. 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்ய மெம்ஃபிஸ் நகருக்கு வந்தபோது, கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் சேதமாகியிருந்தது. காரிலிருந்து விழுந்தது என்பார் சிலர், மழையில் நனைந்தது என்பார் சிலர். ஒலிப்பதிவு செய்த சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, வந்த கரகரப்போடே பதிவு செய்தார். 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் பதினேழு வயது டேவ் டேவிஸ் விபத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எல்பிகோ என்ற சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். அதன் ஓசையைப் பெரிய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்குள் செலுத்தினார். 'யூ ரியலி காட் மி' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது அந்தக் கிழிசல்தான்.

ஆனாலும் அறுபதுகளில் காற்று பெரிய பெட்டிகளின் பக்கம் வீசியது. காரணம் எளிது. மேடையில் கிட்டாருக்கு முன் மைக் வைத்து அரங்கம் முழுக்க ஒலி பரப்பும் வசதி அன்று சரியாக இல்லை. பாடகரின் குரலுக்கே திண்டாட்டம். கூட்டம் பெருகப் பெருக ஆம்ப்பே அரங்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஜிம் மார்ஷல் லண்டனில் நூறு வாட் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். சேம்ப் பழையபடி மாணவர் சரக்காகவே இருந்தது. 1964-இல் கறுப்பு உடுப்பு மாட்டி, பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் பெற்றது. அடுத்த ஜனவரியில் லியோ தன் நிறுவனத்தை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டார்.

சின்னப் பெட்டிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது மேடை அல்ல, ஒலிப்பதிவுக் கூடம். 1970-இல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் டாம் டவுடின் மேற்பார்வையில் கிட்டார் கலைஞர்கள் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் 'லேலா' தொகுப்புக்காக வாசித்தபோது, முன்னால் இருந்தவை சேம்ப்கள். மைக்குக்கு அறையின் அளவு தெரியாது. ஐந்து வாட் பெட்டி மூச்சுத் திணறுவதை மைக் அருகில் நின்று கேட்டால், பதிவைக் கேட்பவருக்கு அது மலைபோலத் தோன்றும். நூறு வாட் பெட்டியை அதே திணறலுக்குக் கொண்டுவர வேண்டுமானால் கூடமே அதிரும்.

வாட் கணக்கில் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து வாட் என்றால் ஐம்பது வாட்டில் பத்தில் ஒரு பங்கு சத்தம் என்று நினைப்பது தவறு. காது அப்படிக் கணக்குப் போடாது. திறன் பத்து மடங்கானால்தான் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அதாவது சேம்ப்பின் சத்தம், ஐம்பது வாட் ஆம்ப்பின் சத்தத்தில் பாதி. டிரம்ஸ்காரர் பக்கத்தில் தெளிவான ஓசைக்கு இது போதாது. படுக்கையறைக்கோ தாராளத்துக்கும் அதிகம்.

ஆகவே சின்ன வால்வு ஆம்ப் வாங்குகிறவர் வாட்டைவிட ஸ்பீக்கரைக் கவனிப்பது நல்லது. எட்டு அங்குல ஸ்பீக்கர் அடித்தொனியை விழுங்கிவிடும். அதே ஆம்ப்பைப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியோடு இணைத்தால் ஆளே மாறிவிடும், மின்தடை அளவு பொருந்தினால். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி வைத்தால் ஓசை முழங்காலில் மோதாமல் காதுக்கு வரும். விற்பனையாளர்கள் 5ஒய்3 வால்வால் ஓசை 'இழுபடும்' என்று புகழ்வார்கள். மின்சாரத் தேவை திடீரென ஏறினால்தான் இழுபடும். ஒற்றை 6வி6 ஆம்ப்போ, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான் குடிக்கும். அதனால் அந்தப் புகழ்ச்சியில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

இந்தியாவில் வாங்குபவருக்கு இன்னொரு கவலை. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பழைய சேம்ப் 110, 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு கதை முடிந்தது. இடையில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். வால்வு மாற்றுவதைத் தவிர மற்றதை மெக்கானிக்கிடம் விடுவதே உத்தமம். மாற்று வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோக்களுக்காகச் செய்த வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிட்டார்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

பழைய சேம்ப் 1982-இல் கடையை விட்டுப் போனது. மறுபடி வந்தபோது தனியாக வரவில்லை. 2000களில் எபிஃபோன் நிறுவனம் இரண்டே வால்வும் ஒரே குமிழும் கொண்ட 'வால்வ் ஜூனியரை' மலிவாக விட்டது. ஃபெண்டர் சாம்பியன் 600-ஐத் தூசி தட்டி எடுத்தது. அடுக்குமாடி வீட்டில் வாசிப்பவர்களுக்கு இவையும் சத்தம் அதிகமாகவே பட்டன. வாக்ஸ் நிறுவனம் 2009 வாக்கில் ஏசி4-ஐப் புது உருவில் கொண்டுவந்தபோது, மூன்று நிலை சுவிட்ச் ஒன்றை வைத்தது. முதல் நிலையில் நான்கு வாட். அடுத்ததில் ஒன்று. கடைசியில், பக்கத்து வீட்டுக்காரருக்காக, கால் வாட்.