கோடாலித் தைலத்துக்குள் ஒரு காட்டுப் புதினா

பஸ்ஸில தலை சுத்துது எண்டு சொன்னால் போதும், அம்மம்மாவின் கைப்பைக்குள்ள இருந்து கோடாலித் தைலம் வெளிய வந்துவிடும். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு கம்பனியின் சரக்கு அது. மூக்கில ஏறுகிற அந்தக் குளிருக்கு முக்கிய காரணம் மென்தோல். மென்தோலின் வரலாற்றைத் தேடிப்போனால், ஒரு காட்டுச் செடியில் போய் முடியும்.

அதன் பெயர் மெந்தா ஆர்வென்சிஸ், வயல் புதினா. ஈரநிலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் தானாகவே படரும். தண்டு சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிரே சோடியாக வரும். வெளிர் ஊதாப் பூக்கள் இலைக்கக்கங்களில் தண்டைச் சுற்றிக் கொத்தாகப் பூக்கும். கிழக்காசிய வகையின் எண்ணெயில் 70 வீதத்துக்கும் மேல் மென்தோல்தான். இலையை நீராவியில் வடித்து, எண்ணெயைக் குளிரவிட்டால் பளிங்காக உறையும். உண்மையில் அது உடம்பைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டி எங்களை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் செடியைப் பெரும் வியாபாரமாக்கியது யப்பான். அதன் வடக்கிலுள்ள ஹொக்கைடோ, ஐனு பழங்குடிகளின் நிலம். 1869இல் அரசு அந்தத் தீவுக்குப் புதுப்பெயர் வைத்து, தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. குடியேற்றம் என்ற சொல்லுக்குப் பின்னால என்ன இருக்கும் எண்டு எங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கிட்டாமி என்ற ஊரில் குடியேறியவர்களுக்குச் சந்தை வெகுதூரம். உருளைக்கிழங்கை வண்டி வண்டியாக ஏற்றிப்போனால் கூலிக்கே காசு காணாது. புதினா எண்ணெயோ பாரம் குறைவு, விலை கூட. அதனால் புதினா நட்டார்கள். 1939இல் உலகின் புதினா உற்பத்தியில் ஏறத்தாழ 70 வீதம் அங்கேயிருந்து வந்தது.

பிறகு போர் வந்தது. ஏற்றுமதி நின்றது, புதினா வயல்களில் உணவுப்பயிர் நட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பிரேசில் முன்னுக்கு வந்தது. அங்கே புதினாவைப் பயிரிட்டவர்களும் யப்பானில் இருந்து புலம்பெயர்ந்தவர்களே! போருக்குப் பிறகு கிட்டாமி மீண்டும் எழும்பினாலும், மலிவான இறக்குமதியும் செயற்கை மென்தோலும் அதை விழுத்தின. 1934இல் திறந்த எண்ணெய்த் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. இப்போது அங்கே ஒரு நினைவு அருங்காட்சியகம்தான் இருக்கிறது. செயற்கை மென்தோலுக்கு வழிதிறந்த இரசாயனவியலாளர்களில் ஒருவரான நொயோரியும் யப்பானியர்தான். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இண்டைக்கு இயற்கை மென்தோலில் முதலிடம் இந்தியாவுக்கு. உத்தரப் பிரதேச விவசாயிகள் கோதுமை அறுவடைக்கும் நெல் நடவுக்கும் இடையில் இதைப் பயிரிடுகிறார்கள். எண்ணெயின் விலை மும்பையின் பண்டச் சந்தையில் ஏறி இறங்குகிறது. கிட்டாமியை வீழ்த்திய செயற்கை மென்தோல் இவர்களுக்கும் போட்டியாக நிற்கிறது.

எங்கட பாடப்புத்தகங்களில் மிளகுக்கும் கறுவாவுக்கும் வரலாறு உண்டு. அந்த வரிசையில் புதினாவைக் காணோம். தைலப் போத்தலிலும் ஒரு கோடாலிதான் இருக்கிறது. இலையும் இல்லை, வயலும் இல்லை, அந்த நிலத்தை இழந்த ஐனுக்களும் இல்லை.