எந்த ஆண்டுக்குத் திருத்துவது? ஒரு மொறிஸ் மைனரும் எங்கட காலமும்

பின்வளவுக் கொட்டிலுக்குள் அந்த மொறிஸ் மைனர் 1998ஆம் ஆண்டிலிருந்து நின்றது. எங்களில் ஒருவரின் அப்பப்பா வாங்கிய கார். மேலே கிடுகு, பக்கத்தில் பனைமட்டைக் குவியல், பின் சீற்றில் கோழி அடை கிடந்த தடம். ஒரு முன் சில்லு இல்லை. அந்தப் பக்கம் கல்லடுக்கின் மேல் நின்றது. போன மாரிக்குக் கொட்டில் சரிந்ததால்தான் காரை வெளியில் எடுக்க வேண்டி வந்தது. முன்பக்கத்தைத் தூக்கி ஒரு கைவண்டிலில் வைத்து ஆறு பேர் தள்ளினோம். அசையவில்லை. பின் பிறேக் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதைத் தட்டித் தட்டி இளக்கி, ஒருபடியாக முற்றத்து மாமரத்தடிக்குக் கொண்டுவந்தோம்.

அந்தக் கிழமையே ஒரு தரகர் வந்துவிட்டார். "தம்பியவை, இதைத் தாங்கோ. கொழும்பிலை ஒரு ஆள் தேடித் திரியிறார். கப்பலாலை இறக்கின அண்டைக்கு எப்பிடி இருந்ததோ, அப்பிடியே ஆக்கிப்போடுவார்." சொன்ன விலையும் நல்ல விலைதான்.

நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த வசனம் எங்களை விடவில்லை. கப்பலால் இறக்கிய அன்றைக்கு இருந்தது போல ஆக்குவது என்றால், அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சுரண்டி எறிவது என்றுதானே பொருள்? பழைய கார் திருத்துகிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும். யாழ்ப்பாணத்துக் காரைத் திருத்துபவருக்கு அது கொஞ்சம் கூடுதலாக உறுத்தும்.

கப்பலால் வந்தது

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். மாதிரிக் காரைப் பார்த்தபோது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டதாம். நடுவால் இரண்டாக அறுத்து, 4 இஞ்சி இடைவெளி விட்டுச் சேர்த்துப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்டார். பொனற்றின் நடுவே ஓடும் அந்தப் பட்டை அதன் அடையாளம். ஆக, வெட்டி ஒட்டுகிற வேலை இந்தக் காருக்குப் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான்.

எங்கட கார் 948 சிசி எஞ்சின் கொண்டது. அப்பப்பா அரசாங்க ஆசுப்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தவர். 1958இன் தொடக்கத்தில் கடனும் சீட்டுக்காசும் சேர்த்து வாங்கினார்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1957 ஜனவரியிலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானது. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்கே வந்தன. தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் கலவரம்.

எங்கட காரின் இலக்கத்தகட்டைக் கழற்றித் துடைத்தபோது தாரின் தடம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இல்லை. அப்பம்மாவிடம் கேட்டோம். "அவர் கவுண்மேந்து உத்தியோகம் எல்லோ. தார் பூசினா வேலை போயிடும் எண்டு பயம். ரண்டு மாதம் காரை வெளியிலையே எடுக்கேல்லை. சைக்கிளிலைதான் போய்வந்தவர்." சரித்திரப் புத்தகத்தில் போராடியவர்கள் இருக்கிறார்கள். காரைக் கொட்டிலுக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சைக்கிளில் போனவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள்.

ஏன் பழசு தங்கியது?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறீர்களே" என்பார்கள். ஆசை இருந்தது உண்மை. ஆனால் ஆசையால் மட்டும் ஒரு கார் 60 வருசம் ஓடாது.

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970–77 காலத்தில் இன்னும் இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்தபின் யப்பான் கார்கள் வந்தன. 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்க, குடாநாட்டுக்குத் தரைவழி மூடப்பட்டது. சனம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய்வந்தது. புதிய கார் உள்ளே வர வழியில்லை, பழையது வெளியே போகவும் வழியில்லை. புதுசு வராத இடத்தில் பழசைத் திருத்துவதைத் தவிர வேறென்ன செய்வது?

பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் அடங்கின. இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. அதே 1990களில் இந்தத் தீவின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழில் நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள பழைய கார் விரும்பிகளுக்கு இலங்கைத் தகடு கிடைத்தது. எங்கட அப்பப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

மண்ணெண்ணெய்க் காலம்

பொனற்றைத் திறந்தபோது எங்களுக்கு விளங்காத ஒரு சாமான் இருந்தது. காபரேற்றருக்கு மேலே, தகட்டில் துளைபோட்டுப் பூட்டிய சின்னத் தகரப் பேணி. அதிலிருந்து ஒரு செப்புக் குழாய். நடுவில் ஒரு பித்தளைத் திருகு. கொம்பனி பூட்டியது அல்ல, ஊரில் யாரோ ஈயம் உருக்கி ஒட்டியது.

பெற்றோல் இல்லாத வருசங்களில் குடாநாட்டுக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்யில் ஓடின என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எப்படி ஓடின என்று கேட்டால் எங்கட வயதினரில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பேணியைப் பார்த்த பிறகுதான் கேட்டோம்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ராட் ஆகாது. முதலில் பேணியில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்ய வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் திருகைத் திருப்பினால் டாங்கியிலிருக்கும் மண்ணெண்ணெய் வரும். மைனரின் எஞ்சினில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. புகைக்குழாயின் சூடு மண்ணெண்ணெய்யை ஆவியாக்க உதவியது. எஞ்சினின் அமுக்கமும் இன்றைய கார்களைவிடக் குறைவு, அதனால் மலிவான எரிபொருளையும் ஓரளவு தாங்கியது. போய்ச்சேர முதல் திருகை மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்றுவிடும், அடுத்த நாள் கழற்றித் துடைத்தால்தான் உயிர் வரும்.

இந்த வித்தையை யார் கண்டுபிடித்தது என்று கேட்டோம். எங்களுக்குக் கைகொடுத்த பழைய மெக்கானிக் ஐயா சிரித்தார். "என்ன கண்டுபிடிப்பு? தோட்டத்து வோட்டர் பம் எப்பிடி ஓடினது? பெற்றோலிலை அடிச்சு, மண்ணெண்ணெய்க்கு மாத்திறதுதானே. வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சவனுக்குக் கார் ஓட்டத் தெரியாதோ?" உண்மைதான். இங்கிலாந்தின் பெர்கூசன் உழவு இயந்திரங்களிலும் இதே முறையில் ஓடிய ரகம் இருந்தது. தடைக்காலத்தின் அதிசயம் என்று நாங்கள் நினைத்திருந்தது, தோட்டக்காரரின் பழைய அறிவு இடம் மாறியதுதான்.

அதற்கு விலையும் இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். "மற்றக் காரிலை ஒயில் குறையும், எங்கட காரிலை கூடும்" என்பாராம் அப்பப்பா. ஒயில் தண்ணியாகிப் பேரிங்குகள் தேயும். பிளக் கரிபிடிக்கும். புகை கண்ணை எரிக்கும். நாங்கள் எஞ்சினின் மேற்பாகத்தைக் கழற்றியபோது நாலு பிஸ்ரன் தலையிலும் கரி தடிப்பாக, கருங்கல்லுப் போல இறுகிக் கிடந்தது. மரக்குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தது. அந்தக் கரியில் ஒரு துண்டை எறிய மனம் வரவில்லை. ஒரு மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இந்தக் காரும் போனது. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் சனம் எறும்புபோல. நடை வேகத்தில் எஞ்சின் சூடு பிடிக்காமல், பிளக் கரிபிடித்து நின்றுவிட்டது. பேணியில் பெற்றோல் முடிந்துவிட்டது. "கார் எங்களைக் கொண்டு போகேல்லை. நாங்கள்தான் மழையுக்கை காரைத் தள்ளிக்கொண்டு போனம்" என்றார் அப்பம்மா. உள்ளே வயது போன ஒருவரும் இரண்டு குழந்தைகளும். மிச்சப் பேர் தள்ளினார்கள்.

1996இல் திரும்பி வந்தார்கள். இரண்டு வருசம் கழித்து ஒழுங்கை முடக்கில் முன் சில்லு உடைந்து சரிந்தது. மைனரின் பெயர்போன பலவீனம் அது. முன் சில்லைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து சில்லு கழன்றுவிடும். கிறீசுக்கு எங்கே போவது? அன்றைக்குக் கொட்டிலுக்குள் போன கார்தான்.

முற்றத்து வகுப்பு

திருத்த வேலையில் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பேச்சுத்தான். முதல் நாளே மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு இரண்டு நட்டின் மூலையைத் தேய்த்துவிட்டோம். இந்தக் காருக்கு இஞ்சிக் கணக்கு ஸ்பானர் வேண்டும். பற்றறி பூட்டப் போனபோது ஐயா கத்தினார்: "பொறு, பொறு! இதுக்கு பிளஸ்தான் பொடியிலை!" இன்றைய கார்களில் மைனஸ் முனை உடம்போடு சேரும். மைனரில் அது தலைகீழ். ரப்பெற் இடைவெளி 12 தவு, பொயின்ற் இடைவெளி 15 தவு என்று அவர் புத்தகம் பார்க்காமல் சொன்னார். தவு என்றால் இஞ்சியின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்று வேலை பழக ஒருவரும் இல்லை. கார் தப்பினாலும் இந்த அறிவு தப்புமா என்பதுதான் எங்களுக்கு வந்த பெரிய பயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசை, பிறகு கியூஆர் அட்டை. அப்போது முழு இலங்கையும் திகைத்து நின்றது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் மட்டும், "இதென்ன புதினம்?" என்று கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் திறந்தது. புதுசு வரத் தொடங்கிவிட்டது. பழசைத் திருத்தும் தேவை இனிக் குறையும், திருத்துபவரைக் கேட்கும் ஆளும் குறையும்.

எதை மாற்றினோம், எதை விட்டோம்

கடைசியில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். ஒருவர், "மண்ணெண்ணெய்ப் பேணியைக் கழற்றி எறிவோம், அசல் காராக்குவோம்" என்றார். இன்னொருவர், "ஒன்றையும் தொடாமல் அப்படியே காட்சிக்கு வைப்போம்" என்றார். இரண்டும் சரிவரவில்லை. ஓடாத கார் தகரம். ஓடுவதற்காக எல்லாவற்றையும் அழித்த காரோ யாருடைய காராகவும் இருக்கலாம்.

உயிரோடு சம்பந்தப்பட்டதை எல்லாம் புதிதாக்கினோம்: பிறேக் குழாய்கள், ரயர்கள், முன் சில்லின் மூட்டுகள், வயர்கள், துருப்பிடித்த அடித்தகடு. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. கதவுக்குக் கீழுள்ள தகடு உக்கினால் கார் நடுவால் தொய்யும், அதனால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது. பேணியின் குழாயை நெருப்புப் பயத்தால் துண்டித்தோம். பேணியையும் பித்தளைத் திருகையும் அவை இருந்த இடத்திலேயே விட்டோம். கதவு றபரின் கீழே ஒளிந்திருந்த முதல் சாம்பல் நிறம், அதன் மேல் பச்சை, அதன் மேல் கையால் பூசிய நீலம், மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு சாண் இடத்தைப் பூச்சில்லாமல் வைத்தோம். இலக்கத்தகடு பழசுதான். தாரும் இல்லை, மாற்றமும் இல்லை.

எஞ்சின் மூன்றாம் நாள் ஸ்ராட் ஆனது. அப்பம்மா திண்ணையிலிருந்து எழும்பி வந்து, முன் சீற்றில் ஏறி, ஒன்றும் பேசாமல் பித்தளைத் திருகு இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். "ஆர் மாத்திறது இப்ப?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் கைதடி தாண்டினதும் இறங்கி பொனற்றைத் திறந்து திருகைத் திருப்புவது அவருடைய வேலையாம். இவ்வளவு நாளும் நாங்கள் அதை அவரிடம் கேட்கவேயில்லை.

உங்கட வளவிலும் ஒரு ஒஸ்ரினோ மொறிஸோ வோட்டர் பம்மோ கிடக்கலாம். விற்பதும் திருத்துவதும் உங்கட விருப்பம். அதற்கு முதல் பொனற்றைத் திறந்து, கொம்பனி பூட்டாத சாமான் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் அதை யார் பூட்டினது, ஏன் பூட்டினது என்று வீட்டில் கேட்டு எழுதி வையுங்கோ. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே.