மீட்டர் இல்லாத தண்ணீர்

கோடையில் எங்கள் இருக்கன்குடியில் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவோம். எத்தனை குடம் என்பதுதான் கணக்கு. ஓய்வுக்குப் பின் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனபோதுதான் தண்ணீருக்கு பில் வருவதைப் பார்த்தேன். மீட்டரைத் தேடினேன், இல்லை.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் புதிதல்ல. 1772-ல் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குப் போனது. 1872-ல் செங்குன்றம் ஏரி நீர் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. 1978-ல் தனிச் சட்டம் போட்டுக் குடிநீர் வாரியம் அமைத்தார்கள். ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து ஒரு வரி. அதுபோக மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம். பத்துக் குடம் பிடித்தாலும் நூறு குடம் பிடித்தாலும் ஒன்றுதான்.

மீட்டர் வைத்தால் தீருமா? எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாய்க்குத்தான் அது சரிப்படும். நேரம் வைத்துத் திறந்துவிட்டால் முதலில் வருவது காற்று. அந்தக் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும். அடிபம்பு போட்டு இழுக்கிற தெருக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மகன் குடியிருப்பில் பதினாறு வீடு, ஒரே இணைப்பு. 2019-ல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம், லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்தார்கள். தனியாக இருக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே தொகை. "என் குடத்தை நீங்களே வந்து எண்ணிக்கோங்க" என்றார் அந்த அம்மாள், கூட்டத்தில் எழுந்து. யாரும் பதில் பேசவில்லை. அடுத்த மாதமும் அதே தொகைதான் வாங்கினார்கள்.