ஐம்பதாம் அகவையும் நெல்லிக்கனியும்



தகடூரை ஆண்ட அதியமான், நெடுவாழ்வு தருமென நம்பப்பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த செய்தியை அறிவீர்கள். அக்கொடையைப் போற்றுகிறோம், ஆனால், முதுமையை நோக்கி நடக்கும் பெண்ணின் உடலைப்பற்றிப் பண்டை மருத்துவர் என்ன எண்ணினர் என்று வினவுவதில்லை. அவ்வினாவை என் இல்லமே எழுப்பிற்று. ஐம்பதைக் கடந்த என் துணைவியார், தோல் வறண்டு கூந்தல் உதிர்வது கண்டு, கொடிய நோயோ என அஞ்சினார். வெளியிற் சொல்லவும் நாணினார்.

விடை தேடி நூல்களைப் புரட்டினேன். மாதவிடாய் 12 வயதளவில் தொடங்கி, உடல் முதிரும் 50 வயதளவில் ஓயும் என்கிறது சுச்ருத சங்கிதை. இவ்வோய்வை அந்நூல் நோயாகக் கூறவில்லை. மூப்பின் இயல்பாகவே கண்டது. முதுமையில் வாதம் மேலோங்கும், வாதத்தின் குணம் வறட்சி என்பது ஆயுர்வேதக் கொள்கை. வறட்சிக்கு மாற்று நெய்ப்பு. எனவே நல்லெண்ணெய் தேய்த்தலையும், கூந்தலுக்குக் கரிசலாங்கண்ணித் தைலத்தையும் வைத்தியர் கைக்கொண்டனர். மூப்பைத் தாங்கும் வலிமை தரும் மருந்துகளுக்கு 'இரசாயனம்' என்று பெயர். சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதி இரசாயனத்துடனேயே தொடங்குகிறது. அங்கே நெல்லிக்குச் சிறப்பிடம் உண்டு.

இக்கால அறிவியல் வேறு மொழியிற் பேசுகிறது. மாதவிடாய் ஓயும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதனால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதமும் குறைந்து, தோல் மெலிந்து வறள்கிறது. காரணம் கூறும் முறை வேறாயினும், வறட்சியைக் கண்டறிந்த பழையோரின் கூர்நோக்கு பொய்யன்று.

இம்மருத்துவ மரபு கொங்குநாட்டில் வேரூன்றப் பாலக்காட்டுக் கணவாய் துணைநின்றது. மலைத்தொடரின் இவ்விடைவெளி கேரளத்தையும் கோவையையும் இணைக்கிறது. கோட்டக்கல்லில் பி. எஸ். வாரியர் 1902-இல் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். கோவையில் பி. வி. இராம வாரியர் 1943-இல் ஆரிய வைத்திய பார்மசியைத் தொடங்கினார்.

மரபைப் பேணியதோடு கோவை நின்றுவிடவில்லை. அதைச் சோதனைக்கும் உட்படுத்திற்று. முடக்குவாதத்துக்குரிய ஆயுர்வேத சிகிச்சையைப் பற்றி, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் 1977-இல் இங்கே ஆய்வு தொடங்கிற்று. பின்னர் 43 நோயாளிகளைக் கொண்டு, யாருக்கு எம்மருந்து என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம், ஆயுர்வேத மருந்தும் ஆங்கில மருந்தும் ஒப்பிடப்பெற்றன. அதன் முடிவு 2011-இல் வெளியாயிற்று. இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயன் தந்தன. எனினும் நோயாளிகளின் தொகை சிறிது என்பதை மறக்கலாகாது.

இவ்வளவுகோலையே கூந்தல் தைலத்துக்கும் தோல் லேகியத்துக்கும் கொள்ளுதல் வேண்டும். மூட்டுநோய்க்குக் கிடைத்த சான்று முடி உதிர்வுக்குச் சான்றாகாது. கவர்ச்சி விளம்பரமோ எதற்கும் சான்றாகாது. கூந்தல் உதிர்வுக்கு இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் காரணமாகலாம். ஆதலின் முதலில் மருத்துவரை நாடினோம். குருதியைச் சோதித்து, அவ்விரண்டும் இல்லை என்றார் அவர். அன்றே என் துணைவியாரின் அச்சம் நீங்கிற்று. எண்ணெய்க் குளியல் அதன்பின் அச்சத்தின் மருந்தாக இராமல், பழைய இன்பமாகவே வீட்டிற்குத் திரும்பிற்று.

மாணவச் செல்வங்களே, பழமை என்பதனாலேயே ஒன்று மெய்யாகாது, பொய்யும் ஆகாது. ஆராய்ந்து கொள்ளுங்கள். உங்கள் அன்னையர் இப்பருவத்தை அடையும்போது நகையாடாது, அருகிருந்து கேளுங்கள். அதியமான் ஈந்தது அரிய கனி. நீங்கள் ஈயவேண்டுவது சிறிது நேரமே.