பாமினிக்குள் அகப்பட்ட தமிழ்

யுனிகோட் பழக்கத்துக்கு வரமுன்னம் நாங்கள் பாமினியில் அடித்த தமிழ், கணினிக்குத் தமிழே இல்லை. 'தமிழ்' எண்டு அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் கொடுத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகள்.

1991இல் வந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால், பழையதை அதற்கு மாற்றுவது குறிக்குக் குறி மாற்றுகிற வேலை இல்லை. 'கொ'வை எடுங்கோ. பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, அரவு என மூன்றாக வைக்கும். யுனிகோட்டில் 'க' முதலில், ஒகரக் குறி பிறகு.

இதைவிடப் பெரிய சிக்கல், எது தமிழ், எது ஆங்கிலம் என்ற தகவல் எழுத்துருத் தெரிவில் மட்டும் இருந்ததுதான். வெறும் எழுத்தாகப் பிரதி எடுத்தால் அது போய்விடும். மாற்றி, இடையிலுள்ள ஆங்கிலப் பெயரையும் தமிழெண்டு நினைச்சுக் குழப்பிவிடும்.

நினைவுமலர்கள், ஊர்ச் சஞ்சிகைகள், சங்க அறிக்கைகள் எண்டு பழைய வன்தட்டுகளில் கிடக்கும் பாமினிக் கோப்புகளில் ஓர் ஊரின் பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. அவற்றை மாற்றத்தான் வேணும். மாற்றினபிறகு ஒருவர் இருந்து வாசிக்கவும் வேணும். அதுவரை மூலக்கோப்பை அழிச்சுப்போடாதேங்கோ.