இலவச உலகில் நேரத்தின் விலை: ரூன்ஸ்கேப் ஆட்டத்தில் உழைப்பும் உடைமையும்

1. ஆய்வுப் பொருள்

காசு வாங்காமல் உள்ளே விடும் ஆன்லைன் ஆட்டங்கள் எதை வைத்துப் பிழைக்கின்றன? வழக்கமாகச் சொல்லப்படும் விடை இது: பெரும்பாலோர் சும்மா ஆடுவார்கள், சிலர் செலவழிப்பார்கள், அந்தச் சிலரின் பணத்தில் எல்லோருக்கும் சர்வர் ஓடும். கணக்குச் சரிதான். ஆனால் சும்மா ஆடுகிறவர் எதையும் தரவில்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவர் தருவது நேரம். அந்த நேரம் ஆட்டத்துக்குள் பொருளாகிறது, பொருள் கைமாறுகிறது, கைமாறும் பொருளுக்கு ஆட்டத்துக்கு வெளியிலும் ஒரு விலை ஏற்படுகிறது.

இந்தத் தொடர்ச்சியை முழுமையாகக் காட்டக்கூடிய ஆட்டம் ரூன்ஸ்கேப். அரக்கர்களும் மந்திரக் கற்களும் நிறைந்த அதன் கற்பனைக் கதை இங்கே ஆய்வுக்கு வரவில்லை. அதன் பொருளாதாரம் மட்டுமே வருகிறது.

2. இலவசத்தின் எல்லைக்கோடு

கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரர்களின் துணையோடு 2001 ஜனவரி 4 அன்று ரூன்ஸ்கேப்பை வெளியிட்டார். ஜாவா மொழியில் எழுதப்பட்ட அந்த ஆட்டத்தை பிரவுசரில் திறந்தாலே போதுமாயிருந்தது, எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. அன்று புகழ்பெற்றிருந்த எவர்குவெஸ்ட்டை ஆட வட்டுப் பெட்டியும் வாங்க வேண்டும், மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டு இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எட்டாத உலகம். ரூன்ஸ்கேப்போ பள்ளிக் கணினி அறையிலேயே ஓடியது.

2002 பிப்ரவரியில் விருப்பச் சந்தா வந்தது. இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையிலான கோட்டை, ஆட்டத்தை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் எங்கே போட்டது என்பது கவனிக்கத்தக்கது. லம்பிரிட்ஜ், வராக், ஃபலடோர் போன்ற ஊர்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன. மரம் வெட்டுதல், மீன்பிடித்தல், சுரங்கவேலை, கொல்லுவேலை, சமையல் முதலிய திறன்களும் அப்படியே. பின்னர் சேர்ந்த வேளாண்மை, வீடு கட்டுதல், திருட்டு ஆகியவை சந்தாதாரருக்கு மட்டும். (திருடுவதற்கும் கட்டணம் கட்ட வேண்டிய உலகம் என்று இதைப் பார்த்துச் சிரிக்கலாம்.) அன்றைய ஏற்பாட்டில் பணம் தந்தது விரிந்த நிலமும் கூடுதல் தொழில்களும்தான். லெவலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, அதற்குச் சந்தாதாரரும் இலவசக்காரரும் ஒரே மாதிரி உழைத்தாக வேண்டும். பத்தாண்டு கழித்து, 2012-இல், அனுபவப் புள்ளிகளைப் பரிசாக வழங்கும் சுழல்சக்கரம் ஒன்றை நிறுவனமே கொண்டுவந்து இந்த ஒழுங்கைக் குலைத்தது. பழைய ஆட்டக்காரர்களின் கசப்பு பெரிதும் அங்கிருந்து தொடங்குகிறது.

3. நேரத்தின் அளவை

3.1 ஏணி

ஆட்டத்தின் பழைய வடிவில் ஒவ்வொரு திறனுக்கும் 99 லெவல் உண்டு. 99-ஐ எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை. தேவை ஏறத்தாழ ஏழு லெவலுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஆகவே 92-ஆம் லெவலில் நிற்பவர் பாதி வழியில்தான் நிற்கிறார். இதை ஆட்டக்காரர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள், ஆனாலும் விடமாட்டார்கள்.

ஒரு கணக்கு. மரம் வெட்டும் திறனில் 60-ஆம் லெவலில் யூ மரத்தை வெட்டலாம். 2013-இல் மீண்டும் திறக்கப்பட்ட ஓல்டு ஸ்கூல் என்னும் பழைய பதிப்பில் (பகுதி 6) ஒரு யூ கட்டைக்கு 175 புள்ளி. 60-லிருந்து 99 வரை யூ மரத்தையே வெட்டுகிறவர் ஏறக்குறைய 73,000 கட்டைகள் வெட்டியாக வேண்டும். பையில் 28 பொருள்களுக்குத்தான் இடம். கட்டைகளைச் சேமிக்க நினைத்தால் வங்கிக்கு 2,600 நடை. இவ்வளவுக்கும் கைத்திறமை எதுவும் வேண்டாம். மரத்தின்மேல் ஒருமுறை சொடுக்கினால் பாத்திரம் தானாக வெட்டும், மரம் தீர்ந்தால் அடுத்த மரம். ஆட்டத்தின் கடிகாரம் 0.6 வினாடிக்கு ஒரு துடிப்பு என்ற நிதானத்தில் ஓடுகிறது. அந்தத் துடிப்பை எண்ணிச் சொடுக்கி வேகம் கூட்டும் வல்லுநர்களும் உண்டு, ஆனால் அவர்கள் சிறுபான்மை.

3.2 பிறர் கை

இந்த ஆய்வின் மையக் கருத்து இங்கேதான் வருகிறது. சதுரங்கத்தில் என் பெயரில் வேறொருவர் ஆடி உயர்ந்த தரவரிசை வாங்கித் தரலாம். மறுநாள் நானே பலகைக்கு முன் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரூன்ஸ்கேப்பில் அப்படி ஒன்றும் நடக்காது. 99 லெவல் அக்கவுண்ட்டில் ஏறிவிட்டால் ஏறியதுதான், அதை யார் ஏற்றினார் என்ற தடயம் மரத்திலும் இல்லை, கோடரியிலும் இல்லை. திறமை கேட்காமல் நேரத்தை மட்டும் கேட்கும் வேலையை வேறு எவரும் செய்து தரலாம். வறிய நாட்டுத் தொழிலாளி செய்யலாம். பாட் என்னும் தானியங்கி நிரலும் செய்யலாம். 2011 அக்டோபரில் ஜாகெக்ஸ் ஒரு புதிய கண்டறிமுறையை இறக்கியபோது ஒரே நாளில் 15 லட்சம் பாட் அக்கவுண்ட்டுகளைத் தடைசெய்ததாக அறிவித்தது. அத்தனை இயந்திரங்கள் மரம் வெட்டிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்திருக்கின்றன. எளியவர்களுக்கும் இடம் தந்த அதே வடிவமைப்புதான் கூலி உழைப்புக்கும் கதவைத் திறந்தது. இரண்டையும் பிரித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

4. சந்தை

தொடக்க ஆண்டுகளில் வணிகம் வாய்ச்சந்தையாக இருந்தது. வராக் வங்கி வாசலில் நூற்றுக்கணக்கானோர் நின்று தங்கள் சரக்கைத் தட்டச்சில் கூவினார்கள். "கவசத்துக்கு இலவசமாகத் தங்கக்கரை போட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு மறைந்துபோன ஏமாற்றுக்காரர்கள் ஒரு தலைமுறைக்கே வணிக எச்சரிக்கையைக் கற்றுக்கொடுத்தார்கள். 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் மையச் சந்தை வந்தது. விலையை எழுதி வைத்துவிட்டுப் போனால், முகம் தெரியாத ஒருவரோடு பேரம் தானாக முடியும்.

ஆட்டத்தின் தங்கக் காசு எங்கிருந்து வருகிறது? அரக்கன் சாகும்போது காசு விழுகிறது. உயர் ரசவாத மந்திரம் ஒரு பொருளை அழித்து அதன் கடை மதிப்பில் ஐந்தில் மூன்று பங்கைக் காசாக்குகிறது. இரண்டும் வெறுங்காற்றிலிருந்து பிறக்கும் பணம். எடுத்துவிடும் வழி போதாவிட்டால் விலைவாசி ஏறும். ஓல்டு ஸ்கூல் 2021 டிசம்பரில் சந்தை விற்பனைக்கு 1 விழுக்காடு வரி விதித்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு குவிந்து கிடக்கும் பொருள்களை விளையாட்டே வாங்கி அழிக்கிறது.

இந்தச் சந்தையின் விசித்திரம் காகிதத் தொப்பி. 2001 கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த வெடிப்பட்டாசுப் பரிசுக்குள் இருந்த அந்தத் தொப்பி தலையில் ஏறும், அவ்வளவுதான், வேறு பயன் ஒன்றும் கிடையாது. மறுபடி வழங்கப்படாததால் விலை ஏறிக்கொண்டே போனது. ஒருவர் பையில் வைத்திருக்கக்கூடிய உச்சத் தொகை அப்போது 2,14,74,83,647 காசு. 32 பிட் எண்ணின் வரம்பு அது. தொப்பிகளின் விலை அதையும் தாண்டியது.

5. மூடிய எல்லை, 2007–2011

வெளிப்பணத்துக்குத் தங்கம் விற்பது விதிமீறல். ஆனாலும் விற்பனை நடந்தது. விற்பனையாளர்கள் திருட்டு கிரெடிட் கார்டுகளில் சந்தா கட்டினார்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்தது. நிறுவனத்தின் அடிமடியிலேயே கை வைத்த சிக்கல் இது.

அதற்கான மருத்துவம் கடுமையாக இருந்தது. 2007 டிசம்பரில் வில்டர்னஸ் என்னும் வடக்குக் காட்டில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொன்று பொருள் பறிக்கும் உரிமை நீக்கப்பட்டது. 2008 ஜனவரியில் சமமற்ற கொடுக்கல் வாங்கல் தடைசெய்யப்பட்டது. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் இடையிலான வித்தியாசம் ஒரு சிறு தொகையைத் தாண்டக் கூடாது. ஆட்டக்காரர்கள் நகரச் சதுக்கங்களில் கூட்டமாக நின்று கலகம் செய்தார்கள்.

இந்த முடிவை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கொன்று பறிப்பதும் ஒருவகைப் பரிமாற்றமே. வாங்குபவர் காட்டுக்குள் நிற்பார், விற்பவர் தங்கத்தோடு வந்து சாவார், பாக்கி வெளியே முடிந்துவிடும். ஆகவே வணிகத்தை மூட வேண்டுமென்றால் போரையும் மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்னொன்றும் சேர்ந்து அடைபட்டது. புதிதாக வந்த தம்பிக்கு அண்ணன் ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்க முடியாமல் போயிற்று. சர்வரின் கண்ணுக்கு அன்பளிப்பும் கள்ள விற்பனையும் ஒரே உருவம்: ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் ஒன்றுமில்லை. வித்தியாசம் சர்வருக்கு வெளியே, இரண்டு மனிதர்களின் உறவில் இருக்கிறது. அங்கே நிரலுக்குப் பார்வை இல்லை. கொடை சாத்தியமாக இருக்கும் எந்த உலகத்திலும் கள்ளச் சந்தையும் சாத்தியம் என்பதை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

வாக்கெடுப்பு நடத்தி, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்தபின், 2011 பிப்ரவரி 1 அன்று பழைய சுதந்திரம் திரும்பியது. பாட்களின் பெருக்கமும் கூடவே வந்தது. மேலே சொன்ன 15 லட்சம் அதே ஆண்டின் அறுவடை.

6. சுங்கச்சாவடி

2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றியதால் ஆட்டக்காரர்கள் பெருமளவில் விலகினார்கள். நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் காலத்துப் பிரதி ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட 4,50,000 பேர் வாக்களித்து அதைக் கேட்டார்கள். 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது. புதிய உள்ளடக்கம் எதுவானாலும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்ற விதியோடு அது வளர்ந்தது. பிற்பாடு அந்த அளவு 70 விழுக்காடாகக் குறைந்தது. 2015-இல் இதற்கும் ஓர் இலவசப் பகுதி வந்தது.

2013 செப்டம்பரில் அறிமுகமான பாண்ட் இதைவிட முக்கியமானது. ஒருவர் பணம் கொடுத்து நிறுவனத்திடம் பாண்ட் வாங்குகிறார். அதை ஆட்டச் சந்தையில் தங்கத்துக்கு விற்கிறார். தங்கம் கொடுத்து வாங்கியவர் அதை 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்கிறார். பணம் உள்ளவருக்குத் தங்கம், நேரம் உள்ளவருக்குச் சந்தா. ஆறாண்டுக்கு முன் உலகத்தையே மூடிப் பூட்டித் தடுத்த அதே பரிமாற்றம்தான் இது, சுங்கச்சாவடி மட்டும் இப்போது நிறுவனத்தின் கையில். கண்டிக்கவும் எளிது, பாராட்டவும் எளிது. திருட்டுக் கார்டின் தேவையை அது குறைத்தது. கார்டே இல்லாத பிள்ளைக்கு உழைத்துச் சந்தா கட்டும் வழியைக் கொடுத்தது. ஆனால் கள்ளச் சந்தையை ஒழிக்கவில்லை. பாண்டில் பணம் ஒரு திசையில்தான் பாய்கிறது. தங்கத்தை விற்று ரொக்கம் எடுக்க வேண்டியவருக்கு அதில் வழியில்லை.

7. வெனிசுவேலா

அப்படி ரொக்கம் தேவைப்பட்டவர்கள் வெனிசுவேலாவில் இருந்தார்கள். அந்நாட்டு மத்திய வங்கியே 2018-க்கு ஒப்புக்கொண்ட பணவீக்கம் 1,30,060 விழுக்காடு. மாதச் சம்பளம் சில டாலருக்குச் சுருங்கிய நாட்களில், பழைய கணினியிலும் ஓடும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பலருக்குத் தொழிலாயிற்று. வில்டர்னஸில் பச்சை டிராகன்களைக் கொன்று எலும்பையும் தோலையும் சேர்த்து விற்றார்கள். கிடைத்த தங்கத்தை வெளியே டாலருக்கோ பிட்காயினுக்கோ மாற்றினார்கள். பச்சை டிராகன் சந்தாதாரர் பகுதியில் இருப்பதால், அவர்கள் உழைப்பின் முதல் பங்கு பாண்டுக்குப் போயிற்று.

காட்டில் கொன்று பறிக்கும் உரிமை திரும்பியிருந்ததல்லவா? 2017-இல் வெனிசுவேலர்களை அடையாளம் கண்டு வேட்டையாடுவது எப்படி என்று ஒருவர் வழிகாட்டி எழுதி இணையத்தில் போட்டார், பெரும் சர்ச்சை மூண்டது. விதிப்படி பார்த்தால் வேட்டையாடியவர் ஆட்டத்தை ஆடினார், வேட்டைக்குள்ளானவர்தான் விதிமீறினார். ஒருவருக்குப் பொழுதுபோக்காகவும் மற்றவருக்கு இரவுச் சாப்பாடாகவும் ஒரே செயல் இருக்கும்போது ஆட்ட விதியை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்வது கோழைத்தனம் என்பது என் கருத்து.

8. நீதிமன்றம் கண்ட உடைமை

2007-இல் நெதர்லாந்தில் இரண்டு பதின்வயதுச் சிறுவர்கள் 13 வயதுப் பையன் ஒருவனை அடித்தும் கத்தியைக் காட்டியும் அவனுடைய ரூன்ஸ்கேப் தாயத்து ஒன்றையும் முகமூடி ஒன்றையும் தங்கள் அக்கவுண்ட்டுக்கு மாற்ற வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொட முடியாத பொருளைத் திருட முடியுமா, அதிலும் அவை ஜாகெக்ஸுக்குச் சொந்தமல்லவா என்பது எதிர்வாதம். 2012 ஜனவரி 31 அன்று நீதிமன்றம் அது திருட்டே என்றது. அந்தப் பொருள்கள் பையனின் கட்டுப்பாட்டில் இருந்தன, அவற்றைப் பெற அவன் நேரமும் முயற்சியும் செலவிட்டான், எனவே அவற்றுக்கு மதிப்பு உண்டு என்பது தீர்ப்பின் போக்கு. மூன்றாம் பகுதியில் மர வெட்டுக் கணக்கில் நாம் கண்டதையே சட்டமும் கண்டது.

9. சந்தையை மறுத்தவர்கள்

2014 அக்டோபரில் அயர்ன்மேன் என்னும் தனிமுறை வந்தது. இதைத் தேர்ந்தவர் பிறரிடம் வாங்கவோ விற்கவோ பெறவோ கூடாது. அம்பு வேண்டுமா, தானே செய்ய வேண்டும். மீன் வேண்டுமா, தானே பிடிக்க வேண்டும். அக்கவுண்ட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதே அக்கவுண்ட்டின் நேரம். முன்பு நிறுவனம் எல்லோர்மேலும் திணித்தபோது கலகத்தைக் கிளப்பிய கட்டுப்பாட்டைவிடக் கடுமையான ஒன்றை இவர்கள் விரும்பி ஏற்றார்கள். இப்போது இது ஆட்டத்தின் மிகப் பிரபலமான முறைகளுள் ஒன்று. வேறொருவர் கையால் வந்ததல்ல என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்காகத்தான் இத்தனை பாடு என்று கொள்ளலாம். பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத் தலைக்கவசக் குறி ஒன்று அதற்குச் சான்றாக நிற்கும்.

அயர்ன்மேனுக்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு பொருள் மட்டும் விலக்கு. தங்கம் கொடுத்து அவர் பாண்ட் வாங்கிக்கொள்ளலாம்.